வெடித்த ஃபெயாரிங்கை வீட்டிலேயே வெல்டிங் செய்வது: எந்த பிளாஸ்டிக், என்ன கம்பி, எவ்வளவு சூடு?

தெஹிவளை ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது முழு ஃபெயாரிங் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் வெளிக்கவசம்) கொண்ட 150 சிசி மோட்டார் சைக்கிள். மழை நாளொன்றில் கொழும்பு–காலி வீதியில் நிறுத்தி நின்றபோது கால் வழுக்கியதால் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து நடைபாதை விளிம்பில் மோதியது. ஓடிக்கொண்டிருக்கையில் விழுந்ததல்ல என்பதால் கிளச் லீவரின் நுனியும் இடப்பக்க ஃபெயாரிங்கும் தவிர வேறெதற்கும் சேதமில்லை. ஃபெயாரிங்கின் கீழ்ப்பகுதியில் ஸ்க்ரூ பூட்டும் துளையிலிருந்து சிக்னல் விளக்கின் அடிவரை ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. வண்டியின் சட்டத்தோடு (பிரேம்) இணையும் காதுகளில் ஒன்று அடியோடு முறிந்துவிட்டது. முறிந்த துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். இவை போதாதென்று, பெற்றோல் டாங்கிக்கு அருகே மயிரிழை வெடிப்பு ஒன்றும் பழையதாக இருக்கிறது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் அதனுள் சுப்பர் குளூவை ஊற்றி மேலே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தார்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரையிலான இடைக்காலத்தில் பல கைகள் மாறிய வண்டிகளுள் இதுவும் ஒன்று என்பதால், பேனல்கள் இதற்கு முன்னரும் அடி வாங்கியிருப்பதில் வியப்பில்லை. புதிய பேனலுக்கு ஓர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பார்த்த பழைய பேனல்கள் நிறம் வேறாக இருந்ததுடன், அவற்றின் உட்புறத்திலும் யாரோ உருக்கி ஒட்டிய தழும்புகளே தெரிந்தன. எனக்குப் பழக்கமான கராஜில் உட்புறம் முழுவதும் கண்ணாடியிழையைப் பூசிப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். பேனலின் கனம் கூடி, மற்றப் பேனலுடன் பொருந்தாமல் போய்விடுமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

ஆகவே நானே பிளாஸ்டிக் வெல்டிங் செய்து பார்க்க விரும்புகிறேன். கையில் 60 வாட் சோல்டரிங் அயன் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோல்) ஒன்று உண்டு. இந்த அயன் போதுமா, வெடிப்பை நிரப்ப உருக்கும் பிளாஸ்டிக் கம்பிக்கு எதைப் பாவிப்பது, முறிந்த காது மீண்டும் சுமை தாங்குமா என்பவையே எனது கேள்விகள். நான் இருப்பது தொடர்மாடி. வேலை செய்யக் கிடைப்பது ஒரு சிறிய பால்கனி மட்டுமே என்பதையும் கருத்திற்கொண்டு ஆலோசனை தந்தால் உதவியாக இருக்கும்.

பழைய என்ஜின்

வணக்கம் நண்பரே. அயனைச் சூடாக்குவதற்கு முன்பு, பேனல் எந்த பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் வெல்டிங் என்பது ஒட்டு வேலையன்று. ஒரே இனப் பொருள் இரண்டை ஒன்றாக உருக்கி ஒரே துண்டாக்குவது. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குடன் ஏபிஎஸ் கலக்கும், பொலிப்புரொப்பிலீனுடன் (பிபி) பொலிப்புரொப்பிலீன் கலக்கும். இவை இரண்டையும் எவ்வளவுதான் உருக்கிப் பிசைந்தாலும் ஆறியவுடன் தனித்தனியாகப் பிரிந்து வந்துவிடும்.

பேனலைக் கழற்றி உட்புறத்தைச் சவர்க்கார நீரால் கழுவிவிட்டுத் தேடுங்கள். எதிரெதிராக வைத்த இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே ஏபிஎஸ், பிபி, பிசி கூட்டல் ஏபிஎஸ் (பொலிகாபனேற்றும் ஏபிஎஸ்ஸும் கலந்தது) என ஏதாவதொன்று சிறிய எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிள்களில் பளபளப்பாகப் பெயின்ட் அடித்த பக்கப் பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ்ஸாகவும், பெயின்ட் அடிக்காத கறுப்பு உட்பகுதிகளும் மட்கார்ட்டின் பின்பகுதியும் பெரும்பாலும் பிபியாகவும் இருக்கும்; ஒரே வண்டியில் இரண்டும் இருப்பது வழமைதான். குறி தேய்ந்துபோயிருந்தால், பருத்திப் பஞ்சில் ஒரு துளி அசிட்டோன் தொட்டு உட்புறத்தில் மறைவான இடமொன்றில் தேயுங்கள். ஏபிஎஸ் சில நொடிகளில் பிசுபிசுக்கும். பிபிக்கு ஒன்றும் ஆகாது. சீவிய துண்டை நீரில் போட்டுப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். தூய பிபி நீரைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். ஆனால் வாகனங்களில் டால்க் தூள் கலந்த பிபியும் வருகிறது. 20 வீதம் டால்க் கலந்தால் அதன் அடர்த்தி ஏபிஎஸ்ஸின் அடர்த்திக்குக் கிட்டத்தட்டச் சமமாகி அதுவும் மூழ்கிவிடும் என்பதால் நான் நீர்ச் சோதனையை மட்டும் நம்புவதில்லை.

ஏபிஎஸ் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். சுமார் 105 பாகை செல்சியஸில் அது இளகத் தொடங்கும். நன்றாக உருகிக் கலப்பதற்கு 220 முதல் 260 பாகை வரை வேண்டும். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத 60 வாட் அயனின் நுனி 400 பாகையையும் எட்டக்கூடியது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகுவதற்குப் பதிலாகக் கருகும். கருகிய இடம் பார்ப்பதற்குப் பிடித்திருப்பதுபோல் இருந்தாலும் விரலால் வளைத்தவுடன் நொறுங்கிவிடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடைகளில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அயன்கள் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி, தட்டையான நுனியைப் பூட்டி, 250 முதல் 280 பாகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உருகிய பிளாஸ்டிக் வெண்ணிறத்திலிருந்து மஞ்சளாகி மண்ணிறத்துக்குப் போகிறதென்றால் சூடு கூடிவிட்டது என்று பொருள். ஹீட் கன் பாவிப்பவர்கள் ஏபிஎஸ்ஸுக்குக் காற்றை ஏறத்தாழ 350 பாகையில் வைப்பார்கள். ஆனால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள ஃபெயாரிங்கைக் கோணாமல் சூடேற்றுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும், ஆதலால் முதல் வேலைக்கு அயனே நல்லது.

கம்பிக்குச் சிறந்தது அதே பேனலின் இனத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக்தான். பஞ்சிகாவத்தையில் முறிந்து கிடக்கும் ஏபிஎஸ் பேனல் துண்டொன்றை வாங்கி, பெயின்டைச் சுரண்டிவிட்டு, மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் நீளநீளமாக வெட்டிக்கொள்ளலாம். முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு விற்கப்படும் 1.75 மில்லிமீற்றர் ஏபிஎஸ் இழையும் மிக நன்றாக வேலை செய்யும். வாங்கும்போது பிஎல்ஏ என்ற வேறு பிளாஸ்டிக் இழையைத் தந்துவிடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லெகோ கட்டைகளும் 1963 முதல் ஏபிஎஸ்ஸால்தான் செய்யப்படுகின்றன, ஆனால் வீட்டுப் பிள்ளைகளிடம் அனுமதி பெறாமல் அதில் கைவைக்க வேண்டாம்.

அடுத்து, வெடிப்பின் உண்மையான நுனியைக் கண்டுபிடிக்க வேண்டும். பேனலை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக வளைத்தால் கண்ணுக்குத் தெரியும் நுனிக்கு அப்பாலும் வெண்மையான கோடொன்று ஓடுவதைக் காண்பீர்கள். ஏபிஎஸ் இழுவிசைக்கு உட்பட்டால் அப்படித்தான் வெளுக்கும். அந்த வெண்கோடு முடியும் இடத்தில் 3 மில்லிமீற்றர் துளையொன்றைப் போடுங்கள். கூரான நுனியில் குவிந்த விசை வட்டத்தின் விளிம்பு முழுவதும் பரவிவிடுவதால் வெடிப்பு அதற்கு மேல் ஓடாது. துளை போடாமல் வெல்டிங் செய்யப்பட்ட பேனல்களில் பற்று (வெல்டிங் செய்த இணைப்பு) உறுதியாக இருக்க, அதன் முனையிலிருந்து புதிய வெடிப்பு கிளம்பியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு வெடிப்பின் இரு விளிம்புகளையும் முன்பக்கம் சமமாக வரும்படி சேர்த்து, வெளிப்புறத்தில் அலுமினிய டேப் ஒட்டி இறுக்குங்கள். உட்புறத்தில் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு ஒன்றாக அயனின் நுனியால் தொட்டுத் தொட்டுத் தைத்துவிட்டு, அதன் பின் வெடிப்பின் வழியே ஆங்கில வி எழுத்தின் வடிவத்தில், தடிப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். கம்பியை உருக்கும்போது பள்ளத்தின் சுவர்களும் அதே கணத்தில் உருகியிருக்க வேண்டும் என்பதே இந்த வேலையின் உயிர்நாடி. சூடேறாத சுவரில் கம்பியை மட்டும் உருக்கி நிரப்பினால், எவர்சில்வர் தட்டில் சொட்டிய மெழுகு நகம் பட்டதும் பெயர்வதுபோல அது முழுத் துண்டாகக் கழன்று வரும். அயனின் நுனியைச் சுவரில் வைத்து, சுவர் பளபளத்து இளகியவுடன் கம்பியை அந்த நுனிக்கு அடியிலேயே தள்ளி, சிறு வட்டங்களாகக் கலந்துகொண்டு, விரற்கடை அளவுக்கு முன்னேறுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம், தானாக ஆறட்டும்.

உட்புறம் முடிந்து நன்றாக ஆறிய பின், பற்றின் மேல் துருப்பிடியாத எஃகு வலையின் ஒரு கீற்றை வைத்து அயனால் அழுத்திப் புதையுங்கள். நுளம்பு வலையாக விற்கப்படும் மெல்லிய எஃகு வலையே போதும். வலையின் கண்கள் வழியாக உருகிய பிளாஸ்டிக் மேலே வந்து மூட வேண்டும். வலை வெளியே தெரிந்தால் அது சும்மா கிடக்கிறது என்றுதான் அர்த்தம். பின்னர் டேப்பை உரித்து, வெளிப்புறத்தில் ஆழம் குறைந்த பள்ளம் எடுத்து அதேபோல் நிரப்புங்கள்.

சுப்பர் குளூ ஊற்றிய பழைய வெடிப்பில், அந்தப் பசை இருக்கும் பகுதியை முழுவதுமாகச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் அயனை வைக்க வேண்டும். பசை உருகலில் கலந்து பற்றைக் கெடுப்பதுடன், சூடேறும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஆவியை வெளிவிடும். ஆவி என்றதும் பால்கனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏபிஎஸ் உருகும்போது ஸ்டைரீன் முதலிய ஆவிகள் வரும். கருகி எரியும் நிலைக்குப் போனால் ஹைட்ரஜன் சயனைட்டும் வரக்கூடும். தூசி முகமூடி இவற்றைத் தடுக்காது. கரிப் பொதி பூட்டிய முகமூடியை அணிந்து, மேசை மின்விசிறியை உங்களுக்குப் பின்னாலிருந்து வெளிப்பக்கமாக வீசும்படி வைத்து, வீட்டுக்குள் செல்லும் கதவை மூடிக்கொள்ளுங்கள். மேல்மாடியில் இருப்பவர்கள் துணி காயப்போட்டிருக்கும் நேரத்தைத் தவிர்த்தால் சண்டையும் வராது.

கிராண்ட்பாஸ் 125

மேலே சொன்னவை எல்லாம் சரிதான், ஆனால் இவ்வளவு நுணுக்கமாகச் செய்வதற்குப் பதிலாக ஹொட் ஸ்டேப்லர் ஒன்றை வாங்கிக்கொள்வது இலகுவல்லவா? அலைவடிவ ஊசியைப் பூட்டி, விசையை அழுத்தினால் சிவக்கச் சூடேறும். வெடிப்பின் குறுக்கே பேனலுக்குள் புதைத்து, விசையை விட்டு ஆறவிட்டு, வெளியே நிற்கும் கால்களை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் பகுதியில் முச்சக்கர வண்டிகளின் பம்பர்களை எல்லாம் இப்படித்தான் திருத்துகிறார்கள். எந்த பிளாஸ்டிக் என்று ஆராய வேண்டிய தேவையும் இல்லை.

பழைய என்ஜின்

ஹொட் ஸ்டேப்லர் நல்ல கருவிதான், மறுக்கவில்லை. முறிந்த துண்டுகளை அசையாமல் பிடித்துவைப்பதற்கு அதைவிட வசதியானது இல்லை. முறிந்த காதை நிலைக்குக் கொண்டுவருவதற்கும் அதைத்தான் பாவிக்கச் சொல்வேன். ஆனால் ஊசிகள் வெடிப்பைத் தைக்கின்றனவே தவிர மூடுவதில்லை. இரண்டு ஊசிகளுக்கு நடுவில் வெடிப்பு வெடிப்பாகவே இருக்கும். என்ஜின் அதிர்வில் அவ்விடத்தில் விளிம்புகள் ஒன்றோடொன்று உரசி, பெயின்டின் மேல் சில மாதங்களில் கோடாகத் தெரியத் தொடங்கிவிடும். பம்பரில் அது கண்ணை உறுத்தாது, பளபளப்பான ஃபெயாரிங்கில் உறுத்தும். தைத்த பிறகு மேலே சொன்னபடி நிரப்பினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். ஊசி துருப்பிடியாத எஃகுதானா என்பதையும் காந்தத்தை மட்டும் நம்பாமல் கடையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். கடற்காற்று வீசும் தெஹிவளையில் சாதாரண இரும்பு ஊசி பெயின்டுக்குள்ளிருந்தே துருவைக் கக்கும்.

கண்ணாடியிழையைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். கண்ணாடியிழையை ஒட்டப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசின் ஏபிஎஸ்ஸில் ஓரளவு பிடிக்கும், பிபியில் பிடிக்கவே பிடிக்காது. ஏபிஎஸ்ஸிலும் வேறொரு சிக்கல் உண்டு. ஃபெயாரிங் வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்ட பொருள். அதன் ஒரு பகுதியை மட்டும் கண்ணாடியிழையால் விறைப்பாக்கினால், வளைவு முழுவதும் அந்த விறைப்பு முடியும் விளிம்பில் வந்து குவிந்து, அடுத்த வெடிப்பு அங்கே தோன்றும். அதனால் நீங்கள் தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

ஆய்வுகூட மேசை

பழைய என்ஜின் அவர்களின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் டாங்கிக்கு அருகிலுள்ள மயிரிழை வெடிப்புக்கு அயன் தேவையில்லை என்பது என் கருத்து. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும் என்பதையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஏபிஎஸ் சீவல்களைக் கண்ணாடிப் போத்தலொன்றில் போட்டு, மூழ்குமளவுக்கு அசிட்டோன் ஊற்றி, மூடி ஒரு நாள் வைத்தால் பாணி பதத்தில் குழம்பு கிடைக்கும். பசையை நீக்கிச் சுத்தம் செய்த வெடிப்பின் உட்புறத்தில் அதனைத் தூரிகையால் மெல்லிய படையாகப் பூசினால், அசிட்டோன் விளிம்புகளைக் கரைத்து உள்ளே செல்லும். ஆவியாகி வெளியேறிய பின் எஞ்சுவது ஏபிஎஸ் மட்டுமே. இதுவும் ஒருவகையில் வெல்டிங்தான், சூட்டுக்குப் பதிலாகக் கரைப்பான் வேலை செய்கிறது.

இதில் அவசரப்பட்டால் கெடும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மேற்பரப்பு முதலில் இறுகிவிட, அசிட்டோன் உள்ளே சிறைப்பட்டு அவ்விடத்தை மிருதுவாகவே வைத்திருக்கும். பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்திய பின் குமிழ் குமிழாக எழும்பும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த படைகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிட்டு, கடைசிப் படைக்குப் பின் சில நாட்கள் பொறுத்திருங்கள். காயும்போது குழம்பு சுருங்கும் என்பதால் 14 சென்ரிமீற்றர் வெடிப்புக்கும் முறிந்த காதுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் நீரும் வேறு கரைப்பான்களும் கலந்திருப்பதால் அதைப் பாவிக்க வேண்டாம்.

பாதுகாப்பு விடயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அசிட்டோன் 56 பாகையில் கொதிக்கும். அதன் தீப்பற்று நிலையோ பூச்சியத்துக்கும் கீழே ஏறத்தாழ 20 பாகை. அதாவது கொழும்பின் எந்தக் காலநிலையிலும் திறந்த போத்தலிலிருந்து எழும் ஆவி தீப்பிடிக்கத் தயாராகவே இருக்கும். சிறிய பால்கனியில் சூடான அயனையும் அசிட்டோனையும் ஒரே நாளில் எடுக்கவே வேண்டாம்.

கொட்டாஞ்சேனைத் தூரிகை

தம்பி, வெல்டிங்கைப் பற்றி இவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் பெயின்ட் வேலை செய்பவன் என்ற முறையில் அதற்குப் பின் வருவதைச் சொல்கிறேன்.

முதலில், பேனலைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைக்க யாரையும் விடாதீர்கள். கராஜ்களில் இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பெற்றோலும் தின்னரும் ஏபிஎஸ்ஸின் மேற்பரப்பைத் தாக்கி, ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இடங்களில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும். சவர்க்கார நீரும் அதன் பின் ஐசோபுரொப்பைல் அற்ககோலும் போதும். முன்பு பாவித்த பொலிஷில் சிலிக்கோன் இருந்திருந்தால் பெயின்ட் மீன்கண் போலக் குழிகுழியாகச் சுருங்கும். ஆகையால் அரத்தாளைத் தொடுவதற்கு முன்பே கழுவுங்கள், தேய்த்த பிறகு கழுவினால் சிலிக்கோன் கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

வெல்டிங்கின் மேட்டை 120 இலக்க அரத்தாளில் தொடங்கி 240 வரை தேய்த்து மட்டமாக்குங்கள். கையில் வெறுமனே தாளைப் பிடித்துத் தேய்த்தால் பற்றுக்கு இருபுறமும் பள்ளம் விழும். சிறிய மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரல்நுனியைவிடக் கண்ணை நம்ப வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். எஞ்சும் சிறு குழிகளுக்கு பிளாஸ்டிக்குக்கென விற்கப்படும் வளையக்கூடிய புட்டியைப் பூசுங்கள். உலோகப் பாகங்களுக்கான புட்டி விறைப்பானது, ஃபெயாரிங் வளையும்போது அது வெடிக்கும். குறைந்த வெல்டிங்கைப் புட்டியால் ஈடுசெய்யப் பார்த்தாலும் அதுவே நடக்கும்.

பேனல் பிபியாக இருந்தால் முதற்பூச்சுக்கு (பிரைமருக்கு) முன் பிபிக்கான பிடிப்புப் பூச்சு ஒன்றை அடித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் முழுத் தோலாக உரிந்து வரும். ஏபிஎஸ்ஸுக்கு அது அவசியமில்லை, நல்ல பிளாஸ்டிக் பிரைமரே போதும். பிரைமர் காய்ந்த பின் 600, 800 என்று ஈரத்தில் தேய்த்து, ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே நிறம் அடிக்க வேண்டும்.

கொழும்பில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இதைச் செய்வதாக இருந்தால் நாளைத் தெரிந்தெடுங்கள். விரைவாகக் காயும் செலுலோஸ் பெயின்டில் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, நிறம் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். காற்று கனத்துக் கிடக்கும் பின்னேரங்களில் நான் ஸ்ப்ரே எடுப்பதில்லை. மழை விட்டு வெயில் ஏறிய முற்பகலே நல்லது. உலோகத் துகள் கலந்த நிறமாக இருந்தால், வெடிப்பு இருந்த இடத்தில் மட்டும் அடித்து நிறத்தைப் பொருத்த முடியாது. முழுப் பேனலுக்கும் அடியுங்கள். அந்த ஒரு வேலையை மட்டும் கடையில் கொடுத்துச் செய்வித்தாலும் குற்றமில்லை.

தெஹிவளை ஓட்டுநர்

நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. பேனலின் உட்புறத்தில் குறி இருந்தது, ஏபிஎஸ்தான். வெப்பக் கட்டுப்பாடுள்ள அயனை வாங்கி, பஞ்சிகாவத்தையில் எடுத்த உடைந்த துண்டொன்றை வேண்டுமென்றே முறித்துப் பழகிப் பார்த்தேன். 270 பாகையில் செய்த பற்றை வளைத்தபோது பற்றுக்குப் பக்கத்தில் பேனல் வெளுத்தது, பற்று விடவில்லை. நீண்ட வெடிப்பின் உட்புறத்தையும் முடித்துவிட்டேன். வெளியே 14 சென்ரிமீற்றராகத் தெரிந்த வெடிப்பின் வெண்கோடு உண்மையில் சிக்னல் விளக்கின் துளைக்கு அடியால் வளைந்து இன்னும் சற்றுத் தூரம் சென்றிருந்தது.

இப்போது மிச்சமிருப்பது காது. முறிந்த துண்டை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தால், ஃபெயாரிங் சரியாக அமர்ந்திருக்கும் நிலையில் காதின் துளையும் சட்டத்திலுள்ள பிராக்கெட்டின் துளையும் சுமார் 5 மில்லிமீற்றர் விலகி நிற்கின்றன. பேனலைக் கையால் அழுத்திப் பிடித்தால் ஸ்க்ரூ ஏறுகிறது. அப்படியே பூட்டலாமா? ஸ்க்ரூ அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க நட்டுப் பூட்டும் திரவத்தை அதில் தடவலாமா என்றும் சொல்லுங்கள்.

பழைய என்ஜின்

இரண்டுக்கும் பதில் வேண்டாம் என்பதே. ஆனால் காரணங்கள் வெவ்வேறு.

நட்டுப் பூட்டும் திரவங்கள் உலோகத்துக்கு உலோகம் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அவை ஏபிஎஸ்ஸில் பட்டால், இறுக்கத்தில் இருக்கும் துளையின் விளிம்பை உடனேயோ சில நாட்களிலோ நட்சத்திரம்போல் வெடிக்கச் செய்யும். பிரேக் ஒயிலும் அப்படித்தான். பிரேக் ஒயில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரைத் திறக்கும்போதெல்லாம் ஃபெயாரிங்கின் மேல் துணி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ கழலாமல் இருக்க நைலோன் வளையம் உள்ள நட்டைப் பாவிக்கலாம். அதைவிட முக்கியமானது துளைக்குள் இருக்க வேண்டிய றப்பர் வளையமும் அதன் நடுவே செல்லும் உலோகக் குழாயும். இந்தக் குழாய் இருந்தால் ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் குழாயின் மேல் விழும். பிளாஸ்டிக் றப்பருக்குள் மிதந்துகொண்டிருக்கும். கைமாறிய வண்டிகளில் முதலில் தொலைந்துபோவது இந்தக் குழாய்தான். உங்கள் வண்டியில் மற்ற எல்லாத் துளைகளிலும் அவை இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். டாங்கிக்கு அருகிலுள்ள பழைய வெடிப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

5 மில்லிமீற்றர் விலகல்தான் பெரிய விடயம். நின்ற வண்டி சாய்ந்தாலும் அதன் முழுப் பாரமும் ஃபெயாரிங் வழியாகப் பிராக்கெட்டுக்குத்தான் போகிறது. காது முறியும் முன் பிராக்கெட் வளைந்திருக்க வேண்டும். அதை நேராக்காமல் பேனலை அழுத்திப் பூட்டினால், நீங்கள் திருத்திய பேனல் நிற்கும்போதும் ஓடும்போதும் அந்த 5 மில்லிமீற்றரின் இழுவையிலேயே இருக்கும். எந்த வெல்டிங்கும் அதற்குத் தாக்குப்பிடிக்காது, புதிய பேனலும் தாக்குப்பிடிக்காது. வலப்பக்கப் பிராக்கெட்டை அளவாக வைத்துக்கொண்டு, சட்டத்திலிருந்து துளைவரையான தூரத்தையும் கோணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மெல்லிய தகட்டுப் பிராக்கெட்டாக இருந்தால் பெரிய ஸ்பேனரை மாட்டிச் சிறிது சிறிதாக நிமிர்த்திவிடலாம். மடிந்த இடத்தில் பெயின்ட் வெடித்துக் கோடு தெரிந்தால் உலோகமும் அங்கே களைத்துவிட்டது. அதை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய்ப் பலப்படுத்துவதே மேல்.

காதை வெல்டிங் செய்யும்போது முறிந்த விளிம்பை மட்டும் சேர்த்தால் போதாது. காதின் இருபுறமும் எஃகு வலையைப் புதைத்து, அந்த வலை காதிலிருந்து பேனலின் உடலுக்குள் ஆகக் குறைந்தது இரண்டு சென்ரிமீற்றராவது தொடர்ந்து செல்லும்படி வையுங்கள். காது பேனலோடு சேரும் மூலையில் கம்பியை உருக்கி உருண்டையான சரிவாக நிரப்புங்கள், கூரான மூலையாக விட வேண்டாம். பழைய துளையின் விளிம்பில் வெடிப்பு இருந்தால் துளையை முழுவதுமாக அடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது பாதுகாப்பானது.

இந்தக் காது கீழ்ப்பகுதியில் இருப்பதால்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன். முன்விளக்கைத் தாங்கும் காதோ, ஹேண்டிலைத் திருப்பும்போது அருகில் வரும் பகுதியோ முறிந்திருந்தால் வெல்டிங்கை நம்பி வீதியில் இறங்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். கழன்ற பேனல் ஹேண்டிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கினால் வண்டியைத் திருப்ப முடியாமல் போகும்.

பூட்டும்போது எல்லா ஸ்க்ரூக்களையும் முதலில் கையாலேயே இரண்டு மூன்று சுற்றுக்கு ஏற்றிவிட்டு, பேனலை அதன் போக்கில் அமரவிட்டு, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டு வாருங்கள். புதிய துளையின் இடத்தை முன்கூட்டியே அளந்து போட வேண்டாம். பிராக்கெட்டை நிமிர்த்தி முடித்து, மற்ற ஸ்க்ரூக்களில் பேனலைத் தொங்கவிட்டு, பிராக்கெட்டின் துளை வழியாகப் பின்பக்கமிருந்து காதில் குறியிட்டு, அந்தக் குறியில் றப்பர் வளையத்தின் அளவுக்குத் துளை போடுங்கள்.